அண்ணனை அடக்கும் மாத்திரை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஏழாவது வரியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்கு மழையில் கதை வரும், ரயிலில் வரும், யாரோ விட்டுப்போன குடையில் வரும். எனக்குப் படிவத்தில் வந்தது. என்ன செய்வது, தென்கொரியாவில் தேகு நகரத்து மருத்துவமனை ஒன்றில் பதினாறு வருடமாக மருந்து ஆய்வுகளுக்குப் படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு.

அந்த ஏழாவது வரி, 'நோயாளி மருந்து உட்கொள்ளாததற்கான காரணம்' என்று கேட்கும். ஒன்று, மறதி. இரண்டு, வாந்தி. மூன்று, பக்கவிளைவு. நான்கு, பிற (விவரிக்கவும்). மறதியும் வாந்தியும் எழுதி எழுதியே எனக்கு வயதாகிவிட்டது. நான்காவதை நான் தொட்டதே இல்லை. ஓர் ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை தொட்டேன். நோயாளி எண் பதினான்கு, நான்கு வாரத்துக்குக் கொடுத்த ஐம்பத்தாறு மாத்திரைகளையும் ஒன்றுகூடக் குறையாமல் டப்பாவோடு திருப்பி வைத்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

'மரியாதை.'

கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு மருத்துவக் காரணம் பட்டியலில் இல்லையாம். அதற்குப் பிறகுதான் இதைக் கதையாக எழுதலாம் என்று தோன்றியது. கதை எதையும் ஏற்றுக்கொள்ளும், பாவம்.

2

தொடக்கத்தை எப்படி வைப்பது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உடைந்த துண்டுகளை அப்படியே கீழே வைக்கிறேன்.

'டாக்டர் பியோ சூன்-இம் வெள்ளைக் கோட்டுடன் ஜன்னலருகே நின்று, தூரத்து மலைமேல் இறங்கும் மூடுபனியை…'

பொய். இந்த ஆய்வை நடத்தும் அந்த அம்மாவின் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஐம்பத்துநான்கு வயது, ரப்பர் செருப்பு, மேஜையிலேயே எள் தூவிய சோற்றுச் சுருள் தின்று கணினி விசைப்பலகைக்குள் எள்ளைச் சிந்தும் பழக்கம். கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கும். யாராவது பெரிய மனிதர் வந்தால் எடுத்து மாட்டிக்கொள்வார்.

'எலும்பு மஜ்ஜை என்பது நம் எலும்புகளின் உட்புறத்தில்…'

இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

'உடம்புக்குள் ஓர் அண்ணன் குடியேறினால்…'

இது பரவாயில்லை. ஆனால் இதையே தொடர்ந்தால் பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய் வந்தவரின் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டு, இன்னொருவரின் மஜ்ஜையை ஏற்றுவார்கள். புது மஜ்ஜை ஊன்றிக்கொண்டு புது ரத்தத்தை உற்பத்தி செய்யும். அதுவரை சரி. சில பேருக்கு அந்தப் புது ரத்தத்தின் காவல் அணுக்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, 'யாருடா இவன் அந்நியன்?' என்று தாங்கள் குடிவந்த உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். தோல் உரியும். வாய் வெந்துபோகும். குடல் கசியும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரைப் போட்டு அடிக்கிற நோய். அடக்காமல் விட்டால் ஆளைக் கொன்றுவிடும். டாக்டர் பியோ இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு நோயைத்தான் ஆராய்கிறார். அடிக்கிற அணுக்களை அடக்க அவர் கண்டுபிடித்த மாத்திரைக்குத்தான் இந்த ஆய்வு நடந்தது. வெளிர்மஞ்சள் நிறம், நாளைக்கு இரண்டு வேளை.

(இதுவரை எழுதியதை டாக்டர் பியோவுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் அவருக்குத் தெரியாது. கொரிய மொழியில் சொன்னேன். ஆய்விதழுக்கு வந்த கட்டுரையைத் திருத்துவதைப் போலவே திருத்தினார். 'மாதிரி எண்ணிக்கை ஒன்றே ஒன்று. ஒப்பிட வேறு நோயாளி இல்லை. எள் சிந்துவது கதைக்குத் தேவையற்றது.' எள்ளை நான் எடுக்கப்போவதில்லை.)

3

தவறு எங்கே நடந்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் பாதித் தவறு என்னுடையது.

ஆய்வில் சேருகிறவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் பியோ எழுதியதை நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்றார்கள். நான்காவது முறை அவர் கோபத்தில் இப்படி எழுதினார்: 'உங்கள் உடம்பில் இப்போது கொடையாளரின் அணுக்கள் குடியிருக்கின்றன. அவை உங்களை அடிக்கின்றன. இந்த மாத்திரை உங்கள் கொடையாளரை அடக்கி வைக்கும்.' குழு பரவசப்பட்டு உடனே அனுமதித்தது.

என் பங்குக்கு வருகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் படிவத்தை அச்செடுக்கும் முன்னால் 'கொடையாளர் என்ன உறவு' என்று கணினி கேட்கும். நான் 'அண்ணன்' என்று தட்டினேன். கணினி என்ன செய்தது தெரியுமா? 'கொடையாளர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'அண்ணன்' என்று மாற்றிப் போட்டுவிட்டது. பதினோரு பக்கம். நான் படித்துப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் அது.

அந்தப் பதினோரு பக்கத்தை நோயாளி எண் பதினான்கு, கையெழுத்துப் போட்டபின் வீட்டுக்கு எடுத்துப்போய் முப்பது முறை படித்திருக்கிறார். அவர் பெயர் பே கியூமான். ஐம்பத்தெட்டு வயது, ஆண்டோங் நகரத்துத் தபால் அலுவலகத்தில் வேலை. ஆண்டோங்காரர் என்றாலே இங்கே ஒரு சிரிப்பு வரும். முறையும் மரியாதையும் அங்கே தண்ணீரிலேயே கலந்திருக்கிறது என்பார்கள். அவர்கள் குலத்தின் பூசைகளில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எத்தனை முறை விழுந்து வணங்க வேண்டும் என்று அழைத்துச் சொல்லும் பொறுப்பு இவருடையது. அப்படிப்பட்ட ஆள் கையில் நான் கொடுத்த காகிதம் சொன்னது: 'இந்த மாத்திரை உங்கள் அண்ணனை அடக்கி வைக்கும்.'

4

டாக்டர் பியோ அவரை உட்கார வைத்துப் பேசினார். நானும் இருந்தேன். அவர்கள் பேசியது அந்தப் பக்கத்துக் கொச்சையில், பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு. தமிழில் என் ஊர்ப் பேச்சாக வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். உள்ளங்கைத் தோல் பட்டை பட்டையாகத் தொங்குகிறது, வாயைத் திறந்தால் புண். நிற்கவே தெம்பில்லை. இருந்தாலும் அண்ணனைப் பற்றிப் பேசும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதாம்.

"டாக்டர் அம்மா, எங்க அண்ணனுக்கு முன்னால நான் காலை நீட்டி உக்காந்தது கிடையாது. இப்ப உள்ளுக்குள்ள வச்சு அவரை நான் அமுக்கணுமா?"

"அது உங்க அண்ணன் இல்லைங்க. வெறும் அணுக்கள்."

"போன மாசம் நீங்கதானே என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. பரிசோதனை வந்திருச்சு, இப்ப உங்க ரத்தம் நூறு சதம் அண்ணன் ரத்தம்னு."

டாக்டர் பியோ தன் தலையில் தட்டிக்கொண்டார். சொன்னது உண்மைதான். மஜ்ஜை முழுசாக ஊன்றிவிட்டது என்ற சந்தோஷத்தில் எல்லா நோயாளியிடமும் அப்படித்தான் சொல்வார். பிறகு சுதாரித்துக்கொண்டு, அந்த ரத்தம் உங்களை அடிக்கிறதே, அது தெரியவில்லையா என்றார்.

"அண்ணன் அடிக்கிறாருன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றார் கியூமான்.

மாத்திரை இல்லாவிட்டால் புத்தாண்டு வரை தாங்காது என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். பழைய மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, பாக்கி இருப்பது இது ஒன்றுதான். கியூமான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். புரிகிறது என்றார். ரொம்ப நன்றி என்றார். மாத்திரையை மட்டும் தொடவில்லை.

5

[இங்கே அண்ணன் தம்பி இருவரின் சிறுவயதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆறு, பட்டம், பனிக்கட்டியில் சறுக்கல். எதுவும் எனக்குத் தெரியாது, எல்லாம் சொந்தச் சரக்கு. வாசித்துக் காட்டியபோது டாக்டர் பியோ தூங்கிப்போனார். நீக்கிவிட்டேன்.]

6

ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுத்தாளருக்குச் சந்தேகம் வரும். எனக்குக் கியூமான் மேல் வந்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? உயிர் போகிறது, மரியாதை பார்க்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? அவரைக் கொஞ்சம் மாற்றி, சாகத் துணிந்த விரக்திக்காரராக ஆக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. ஆனால் அது அவர் இல்லை. அந்த மனிதருக்கு உயிர்மேல் கொள்ளை ஆசை. மகளுக்கு மார்ச்சில் பிரசவம். அதைப் பார்க்க வேண்டும் என்று, வார்டில் சேர்த்த நாளிலிருந்து நர்சுகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். வாழவும் வேண்டும், அண்ணனை அடக்கவும் கூடாது. அவ்வளவுதான் அவருடைய சிக்கல். எனக்கு எரிச்சல் வந்தது, பாசமும் வந்தது.

டாக்டர் பியோ முதலில் படிவத்தைத் திருத்திப் பார்த்தார். 'இந்த மாத்திரை தங்கள் அண்ணனாரின் அணுக்களைச் சற்றே அமர்ந்து இளைப்பாறும்படி பணிவுடன் வேண்டிக்கொள்ளும்.' நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியது. மருந்து வேண்டிக்கொள்ளும் என்பதற்கு எலிச் சோதனையில் ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

ஆகவே அண்ணனையே பிடிப்போம், அவர் ஒரு வார்த்தை அனுமதி கொடுத்துவிட்டால் போதும் என்று முடிவாயிற்று. அண்ணன் பெயர் பே கியூதோங். அறுபத்து மூன்று வயது, ஆண்டோங்குக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம். நான்தான் தொலைபேசியில் பேசினேன். ஏணிமேல் நின்று, எல்லாப் பக்கமும் சிவக்கட்டும் என்று பழங்களை ஒவ்வொன்றாக வெயில் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாராம். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல ஏணி கிறீச்சிடுவது கேட்டது. கீழே இறங்குகிறார் என்று தெரிந்தது.

"என் ரத்தம் என் தம்பியை அடிக்குதா? எங்க வீட்ல யாரும் யாரையும் கை நீட்டினது கிடையாது. எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

டாக்டர் பியோவே பதினோரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றேன். அனுப்பு என்றார். அனுப்பினேன். நான்காவது நாள் அந்தக் கட்டுரைகளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, பேருந்து பிடித்து வந்து இறங்கினார். வந்தவர் அனுமதி கொடுக்க மாட்டேன் என்றார். அனுமதி கொடுத்தால் அடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? பே குலத்து ரத்தத்தின்மேல் அப்படி ஒரு பழியை அவர் வாயாலேயே போட வேண்டுமா? டாக்டர் பியோ சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

(டாக்டர் பியோ: 'நான் அப்படிச் சாயவில்லை.' சாய்ந்தார். நான் பார்த்தேன்.)

7

இனி வருவது இந்தக் கதையின் நடுப்பகுதி. நான் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அண்ணனும் தம்பியும் வார்டில் எதிரெதிரே இருந்தார்கள். இருவருக்கும் முகமூடி, இருவர் கையும் முழங்கால்மேல். தம்பி கட்டிலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அண்ணன் அவர் கையைப் பார்த்தார். அந்தத் தோலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த வருடம் ஆப்பிள் பரவாயில்லை என்றார். தம்பி, மழை நன்றாகப் பெய்ததால் இருக்கும் என்றார். அதோடு பேச்சு நின்றது.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. கஞ்சி, வேகவைத்த பூசணி, உப்பில்லாத குழம்பு. தம்பி தொடவில்லை. நர்ஸ் வந்து சாப்பிடுங்கள் என்றாள். தம்பி சிரித்தார், தொடவில்லை. பெரியவர் கரண்டியை எடுக்காமல் சின்னவர் எடுக்கக் கூடாது. இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான், என் கொரிய மாமியார் வீட்டிலும் உண்டு. ஆனால் பெரியவருக்குத் தட்டு ஏது? பார்க்க வந்தவருக்கு மருத்துவமனை சோறு போடுமா? கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

அண்ணன் இதைக் கவனித்தார். முகமூடியை இறக்கி, தம்பியின் தட்டிலிருந்து கரண்டியை எடுத்து, வெறும் கரண்டியை, வாய்வரைக்கும் கொண்டுபோய், "ம்ம், சாப்பிடலாம்" என்று சொல்லித் திரும்ப வைத்தார். நர்ஸ் பதறி வேறு கரண்டி கொண்டுவந்தாள். தம்பி உடனே கஞ்சியை எடுத்துச் சாப்பிட்டார். புண் வாயோடு, முழுதாக.

டாக்டர் பியோவை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். என்னுடைய பதினாறு வருடத்தில் அவருக்கு அப்படி ஒரு முகம் வந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் மாத்திரை டப்பாவை எடுத்து வந்தார்.

"பெரியவரே, நீங்க இதுல ஒண்ணை வாயில போடற மாதிரி…"

'மாதிரி' என்ற வார்த்தை முடிவதற்குள் அண்ணன் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டார். எந்த நோயும் இல்லாத ஆப்பிள்காரர். டாக்டர் பியோ, ஐயையோ என்றார். அதே நொடியில் தம்பி தன் பங்கு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார். அனுமதி இல்லை, ஒப்புதல் இல்லை, ஒரு வாதம் இல்லை. அண்ணன் போட்டார், தம்பி போட்டார்.

8

இங்கே முடித்திருக்கலாம். ஒரு மாத இதழுக்கு இதுவே போதும், படம் போட இடமும் கிடைக்கும். ஆனால் மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

அன்று மாலையே ஏற்பாடு ஆயிற்று. காலை எட்டு, மாலை ஆறு. அண்ணன் தோட்டத்திலிருந்து கைபேசியில் முகம் காட்டுவார். அவர் விழுங்கியதும் இவர் விழுங்குவார். சும்மா இருக்கிற மனிதருக்கு நிஜ மருந்தைக் கொடுத்து அவருடைய எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்க முடியுமா? ஆகவே டாக்டர் பியோ மருந்தகத்தில் சொல்லி, அதே நிறம், அதே அளவு, அதே கசப்பில் மாவு மாத்திரை செய்து வாங்கினார். அண்ணனிடம் சொல்லவில்லை. டப்பாவில் லேபிள் ஒட்டியது நான்.

(டாக்டர் பியோ: 'இந்தப் பகுதியை எடுத்துவிடு. வேலை போய்விடும்.' யோசிக்கிறேன் என்றேன். பிறகு அவரே, வேண்டாம், இருக்கட்டும் என்றார்.)

மூன்றாவது வாரம் தம்பியின் வாய்ப்புண் காய ஆரம்பித்தது. ஐந்தாவது வாரம் கையை முழுசாக மூட முடிந்தது; மூடித் திறந்து மூடித் திறந்து எல்லோருக்கும் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே ஐந்து வாரமும் அண்ணனுக்கு உடம்பு கெட்டுக்கொண்டே வந்தது.

லேபிளோடு மருந்துக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். புத்தி எங்கே போயிற்றோ. அதில் இருபத்தாறு பக்கவிளைவு அச்சாகியிருந்தது. அண்ணன் ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், அனுபவிக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை தலைசுற்றல். வியாழக்கிழமை வாய்க்கசப்பு. அடுத்த வாரம் கால் வீக்கம். தொலைபேசியில் கூப்பிட்டு நேரம், அளவு எல்லாம் ஒழுங்காகச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். மாவு தின்று ஏழு கிலோ இளைத்துவிட்டார். திரையில் முகத்தைப் பார்த்தால் யார் நோயாளி என்று தெரியாது. அறுவடைக்கு ஏற முடியாமல் பழமெல்லாம் மரத்தடியில் விழுந்து கிடந்தது.

ஒருநாள் பதினெட்டாவது பக்கவிளைவைச் சொல்லி முடித்தபின் போனை வைக்கவில்லை. 

"இவ்வளவு கஷ்டத்தையும் என் தம்பி தினமும் தாங்கிக்கிட்டு இருந்திருக்கான். நான் ஆப்பிள் பேசிட்டு வந்தேன் பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. மாவு. சொல்லியிருந்தால் அன்று மதியமே எழுந்து உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை. சொன்னால் அவர் திரைக்கு முன்னால் நடிக்க மாட்டார் என்று தெரியும். அவர் எடுக்காவிட்டால் தம்பி எடுக்க மாட்டார். மூன்று நாள் விட்டால் போதும், அடங்கியிருந்ததெல்லாம் திரும்பக் கிளம்பிவிடும், இரண்டாம் முறை மாத்திரைக்குக் கட்டுப்படுமா என்று டாக்டர் பியோவுக்கே நிச்சயமில்லை.

9

முடிவுகள் தயார் செய்தேன்.

முடிவு அ: அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. அவர் இருபத்தாறாவது பக்கவிளைவுக்கு வந்து சேர்கிறார். இருபத்தாறாவது என்ன என்று குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு இந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: குலப் பெரியவர்கள் கூடி, ரத்த அணு ஒன்றுக்குப் பிறந்த தேதி ஏற்றப்பட்ட தேதியே, ஆகவே அது எல்லோருக்கும் இளையது என்று தீர்மானம் போடுகிறார்கள். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் கூட்டத்துக்குத் தேதி குறிக்கவே இரண்டு வருடம் ஆகும், நான் விசாரித்தேன்.

முடிவு இ: தம்பி திடீரென்று மனம் மாறி… இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மனம் மாறுவதற்கு அவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி மாத்திரை முடிந்ததும், டாக்டர் பியோ காரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதல்முறையாக வெள்ளைக் கோட்டைத் தானாகவே போட்டிருந்தார். தோட்டத்துக்குப் போகிறோம் என்றார்.  வழியில் ஒரு தடவை, "ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தரை நோயாளி ஆக்கிட்டேன், இதை எந்தப் பத்திரிகையில போடுறது?" என்றார். 

அண்ணன் எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் பியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார் அண்ணன். சோள மாவு. மருந்து? இல்லை. டப்பாவைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. நாளை எட்டு மணிக்குத் தம்பியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது அடிபட்ட ஆப்பிள் இரண்டு பெட்டி காரில் ஏற்றச் சொன்னார். ஒரு பெட்டியை அவரே தூக்கினார்.

10

திங்கட்கிழமை காலை எட்டு. கைபேசியை நான் பிடித்திருந்தேன். டாக்டர் பியோ தண்ணீர்க் குவளையோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம். தம்பி வழக்கம்போல் மண்டியிட்டு, உள்ளங்கையில் மாத்திரையோடு. திரையில் அண்ணன், அவர் உள்ளங்கையிலும் ஒன்று. தொப்பி வைத்திருந்தார்.

"தம்பி, நான் சாப்பிடறது வெறும் சோள மாவு. நாப்பத்தொரு நாளா. நேத்துத்தான் தெரிஞ்சுது. உன்னை ஏமாத்தினதுக்கு மன்னிச்சுக்க."

தம்பியின் விரல்கள் மாத்திரையின்மேல் மூடிக்கொண்டன. டாக்டர் பியோ கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. அந்தக் கட்டுரை எல்லாத்தையும் படிச்சேன். பாதி புரியல. ஆனா உன் தோலை உரிக்கிறது என் ரத்தந்தான். அது புரிஞ்சுது. நான்தான்டா உன்னை அடிக்கிறேன். காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல. என்னை அடக்கு."

 தம்பியின் ஆறிவந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உப்பு எரிந்திருக்கும், துடைக்கவில்லை. கையைத் திறந்தார்.

"சரிங்கண்ணே. நீங்க முதல்ல."

"நான் போட்டா அது மாவுடா."

"இருக்கட்டும். நீங்க முதல்ல."

"இல்ல. இன்னிக்கு நீ முதல்ல. அண்ணன் சொல்றேன்."

அங்கேயே நின்றுவிட்டது. புரிகிறதல்லவா? அண்ணன் சொல்லைத் தட்டக் கூடாது. அண்ணனுக்கு முன்னால் வாயில் போடவும் கூடாது. கியூமானின் கை உதடுவரைக்கும் போகிறது, திரும்பி வருகிறது. மறுபடி போகிறது, வருகிறது. அங்கே அண்ணன், போடு போடு என்று தாடையை அசைக்கிறார். தான் போட்டால் இத்தனையும் சொன்னதற்கு அர்த்தமில்லை என்று அவர் உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் அழுகை, இருவருக்கும் பிடிவாதம். எட்டு ஐந்து. எட்டு ஆறு. ஒன்பதுக்குள் போடாவிட்டால் அந்த வேளை தவறியதாகக் கணக்கு. எட்டு ஏழு.

நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அது அவர்களுடையது. இந்தப் பக்கத்தில் இன்னும் எட்டு ஏழுதான். எழுதுகிறவள் நான், ஒரு வரி எழுதி யாரையாவது விழுங்க வைக்கலாம். ஆனால் எனக்கு வயது நாற்பத்து நான்கு. டாக்டர் பியோவுக்கு ஐம்பத்து நான்கு. இந்த அறையில் அண்ணனுக்கும் முன்னால் கரண்டியை எடுக்கக்கூடிய மூத்தவர் யாரும் இல்லை.

ஆகவே வாசகர்களில் யாருக்காவது அறுபத்து மூன்று வயதுக்கு மேல் ஆகியிருந்தால், தயவுசெய்து இப்போது எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கல்கண்டு, கடலை, உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரை, எதுவானாலும் சரி. உங்களுக்கு அவ்வளவு வயதாகவில்லை என்றால் பக்கத்து அறையில் இருக்கிற பெரியவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், அவசரம் என்று சொல்லுங்கள். நீங்கள் முதலில் போட்டுக்கொண்டால் இவர்கள் இருவரும் சாப்பிட்டுவிடுவார்கள்.